கொலைக்களத்தில் ஒரு டச்சுப் புத்தகம்

பதினெட்டாம் நூற்றாண்டில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒகாதா யோசென், புஜிமோத்தோ ரிஸ்சென் என்று இரண்டு அரண்மனை வைத்தியர்கள் இருந்தார்கள். சீன மருத்துவ நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள். மரண தண்டனை பெற்றவர்களின் உடலை அறுத்துப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. ஏழெட்டு முறை பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நூலில் ஒன்று இருந்தது, உடலுக்குள் வேறொன்று இருந்தது. நூலின்படி நுரையீரலுக்கு ஆறு மடல்களும் இரண்டு காதுகளும் உண்டு. கல்லீரல் இடப்பக்கம் மூன்றாகவும் வலப்பக்கம் நான்காகவும் பிரிந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் தென்படவில்லை. கடைசியில் அவர்கள் எழுப்பிக்கொண்ட கேள்வி இது: சீனருடைய உடலும் பிற நாட்டாருடைய உடலும் உள்ளுக்குள் வேறு வேறாக இருக்குமோ?

சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாத கேள்வி. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மதிக்கப்பட்டு வந்த நூலை ஒரு கொலைக் குற்றவாளியின் வயிறு பொய்யாக்கிவிடும் என்று ஏன் நம்ப வேண்டும்? அந்த நூலோடு இன்னும் எத்தனையோ சேர்ந்திருந்தன. ஐந்து முக்கிய உறுப்புகள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து பொருள்களோடு இணைந்தவை. அவற்றுக்குப் பருவங்களும் திசைகளும் சுவைகளும் நிறங்களும் உண்டு. கல்லீரலின் மடலைத் திருத்தினால் பஞ்சாங்கம் வரைக்கும் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதைவிட, உடல்தான் வேறு என்று சொல்லிவிடுவது எளிது.

மரபின் பக்கம் நின்றவர்களிடம் கூர்மையான வாதமும் இருந்தது. கியோத்தோவில் யமாவாகி தோயோ என்ற மருத்துவர் 1754இல் தலை வெட்டப்பட்ட ஒருவனின் உடலைத் திறந்து பார்த்து, கண்டதை 1759இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே சானோ என்ற மருத்துவர் மறுப்பு எழுதினார். உறுப்பை உறுப்பாக்குவது அதன் வடிவம் அல்ல, அதனுள் ஓடும் உயிர்ச்சத்து. அது போன பிறகு வெறும் கூட்டைத் திறந்து பார்த்து நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்டார். உடற்கூற்றியல் அறிந்த இன்றைய மருத்துவருக்கும் இந்தக் கேள்வியை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட முடியாது. பிணத்தின் உள்ளே இருப்பதைச் சீன நூல் படமாக வரைய முயலவில்லை. உயிரோடு இருப்பவருக்குள் எது எதனோடு சேர்ந்து இயங்குகிறது என்று சொல்லத்தான் முயன்றது.

ஆக, ஜப்பானில் பார்ப்பதற்குக் கண்கள் இருந்தன, பிணங்களும் இருந்தன. பார்த்ததை நம்புவதற்கு வேண்டிய துணைதான் இல்லை. அந்தத் துணை கப்பலில் வந்தது. வந்த விதம்தான் விசித்திரம்.

நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்று விசிறி வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவு. பரப்பளவு ஒன்றரை ஹெக்டேர்தான். நம் கணக்கில் நாலு ஏக்கருக்கும் குறைவு. போர்த்துகீசியரை அடைத்து வைப்பதற்காக 1636இல் கட்டி முடித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் போர்த்துகீசியரை நாட்டைவிட்டே விரட்டினார்கள். 1641இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் ஐரோப்பியர் வாழ அனுமதி இருந்த ஒரே இடம் அதுதான். ஒரு சமயத்தில் பத்துப் பதினைந்து டச்சுக்காரர்கள் இருந்தால் அதிகம். பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போக அனுமதி வேண்டும். தலைமை வியாபாரி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எடோவுக்குப் போய் நாட்டை ஆண்ட ஷோகுனுக்கு மரியாதை செலுத்த வேண்டும்.

பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, வந்த டச்சுக் கப்பல்களில் சர்க்கரையும் பட்டும் வாசனைப் பொருள்களும் இருந்தன. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் இருந்தன. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்தக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோமின் பெயரைத் தாங்கிய கோடு போட்ட துணி, எடோவின் நாகரிகக்காரர்களிடையே ‘சாந்தோமே’ என்ற பெயரிலேயே புழங்கியது. பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். நம் கரையின் நெசவாளிக்கு எடோ என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. அவர் போட்ட கோடு அந்த ஊர்க் கடைவீதியில் நடமாடிக்கொண்டிருந்தது. சமூகங்கள் ஒன்றையொன்று தொடுவது பெரும்பாலும் இப்படித்தான், அறியாமலே. துணி உலகப் பார்வையை மாற்றியதா என்றால், இல்லை. ஆனால் தொலைவிலிருந்து வரும் பொருள் நன்றாக இருக்கக்கூடும் என்ற பழக்கத்தை உண்டாக்கியது. புத்தகம் வந்தபோது அந்தப் பழக்கம் உதவியது.

புத்தகங்கள் சுலபமாக வரவில்லை. கிறித்தவம் கலந்த நூல்களுக்கு 1630லேயே தடை. 1720இல் எட்டாவது ஷோகுன் யொஷிமுனே அந்தத் தடையைத் தளர்த்தினார். அவருக்குப் பஞ்சாங்கத் திருத்தமும் விவசாயமும் முக்கியம். வானியல் நூல்கள் தேவைப்பட்டன. 1740இல் இரண்டு பேரை டச்சு மொழி கற்கச் சொல்லி ஆணையிட்டார். இருந்தாலும் 1765இல் டச்சு எழுத்துகளை அச்சிட்ட ஒரு சிறு நூல் தடை செய்யப்பட்டது. கதவு திறந்திருந்தது என்றும் சொல்ல முடியாது, மூடியிருந்தது என்றும் சொல்ல முடியாது.

ஒபாமா சிற்றரசின் மருத்துவர் சுகிதா கென்பாக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எடோவுக்கு வந்த டச்சுக்காரர்கள் தங்கும் விடுதி வழியாக ஓர் உடற்கூற்று நூல் விலைக்கு வந்திருப்பதாக நண்பர் நாககாவா ஜுன்னான் கொண்டுவந்து காட்டினார். ஓர் எழுத்தும் புரியவில்லை. படங்களைப் பார்த்ததும் கையிலிருந்து இறக்க மனமில்லை. வாங்கவோ காசில்லை. சிற்றரசின் அதிகாரியிடம் மன்றாடி, அரசுச் செலவில் வாங்கினார்.

ஐரோப்பிய மருத்துவத்தின் சிகரம் என்று சொல்லத்தக்க நூல் அல்ல அது. டான்சிக் நகரத்து ஆசிரியர் குல்முஸ் ஜெர்மனில் மாணவர்களுக்காக எழுதிய கையடக்கமான பாடநூல், முதலில் 1722இல் வந்தது. அதன் 1734ஆம் ஆண்டு டச்சு மொழிபெயர்ப்புதான் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சமூகம் இன்னொன்றுக்குத் தன் தலைசிறந்த நூலைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை. கப்பலில் இடம் இருந்ததும் விலை படிந்ததும்தான் போய்ச் சேருகின்றன. இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஒரு மாணவர் கையேடு ஒரு நாட்டின் அறிவுலகத்தைப் புரட்டிப் போட்டது என்பதை ஐரோப்பாவின் பெருமையாகச் சொல்வது கடினம். வாசித்தவர்களின் பசியைத்தான் அது காட்டுகிறது.

1771ஆம் ஆண்டு, ஜப்பானியக் கணக்கில் மூன்றாம் மாதம் நான்காம் நாள். எடோவின் வடக்கே கோசுகாப்பாரா கொலைக்களத்தில் ஓர் உடல் அறுக்கப்படுவதாகக் கென்பாக்குவுக்குச் செய்தி வந்தது. ஜுன்னானையும், நாகத்ஸு சிற்றரசின் மருத்துவர் மாஎனோ ரியோதாக்குவையும் கூட்டிக்கொண்டு போனார். ரியோதாக்கு தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். முந்தைய ஆண்டு நாகசாகி போனபோது வாங்கியது. கென்பாக்கு கொண்டுவந்ததும் அதே நூல், அதே பதிப்பு. இருவரும் கை தட்டி மகிழ்ந்தார்கள் என்று கென்பாக்கு முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பு சொல்கிறது.

மேடையில் கிடந்தது சுமார் ஐம்பது வயதுப் பெண்ணின் உடல். பச்சைத் தேநீர்க் கிழவி என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட குற்றவாளி. மருத்துவர்கள் யாரும் உடலைத் தொடவில்லை. தொடுவது அவர்களுடைய வேலை அல்ல. பிணத்தையும் தோலையும் தொட்டு வாழ்வதற்கென்றே ஒதுக்கப்பட்டு, ‘எத்தா’ என்ற இழிபெயரால் அழைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். அறுக்க வேண்டியவர் தொராமாத்ஸு. அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. அவருடைய பாட்டனார் வந்தார். தொண்ணூறு வயது, திடமான மனிதர்.

அந்தக் கிழவர் இளமையிலிருந்தே பல உடல்களை அறுத்தவர். இது இதயம், இது கல்லீரல், இது பித்தப்பை, இது இரைப்பை என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். பிறகு பெயர் சொல்லாமலும் சிலவற்றைக் காட்டினார். இவற்றின் பெயர் தனக்குத் தெரியாது, ஆனால் தான் அறுத்த எல்லா உடல்களிலும் இவை இதே இடத்தில் இருந்தன என்றார். மருத்துவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள். அவை இரத்த நாளங்களும் சுரப்பிகளும் என்று படத்திலிருந்து தெரிந்தது. கிழவர் இன்னொன்றும் சொன்னார்: இதுவரை எத்தனையோ மருத்துவர்கள் இங்கே வந்து பார்த்திருக்கிறார்கள், இது என்ன, அது என்ன என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மனித உடலின் உண்மையான உள்ளமைப்பை எடோவில் ஏற்கனவே ஒருவர் அறிந்திருந்தார். சீன நூலும் படிக்காமல், டச்சு நூலும் படிக்காமல், கையால் அறிந்திருந்தார். உடல்கள் ஆளுக்கு ஆள் உள்ளே மாறுவதில்லை என்பது அவருக்கு அனுபவமாகத் தெரியும். அரண்மனை வைத்தியர்கள் இருவருக்கும் எழுந்த ஐயத்தை அவரிடம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கத்தக்க ஆள் என்று அவரை யாரும் நினைக்கவில்லை. கடல் கடந்து வெகு தொலைவிலிருந்து ஒரு செப்புத்தகட்டுப் படம் வந்து அவருடைய பேச்சுக்குச் சாட்சி சொன்ன பிறகுதான் அது பேச்சாகவே காதில் விழுந்தது. வெளிநாட்டுத் தொடர்பு புதிய அறிவைக் கொண்டுவருகிறது என்பது பாதி உண்மைதான். வீட்டுக்குள்ளேயே இருந்து, வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட அறிவை அது சில நேரம் உள்ளே அழைத்து வருகிறது. அழைத்த பிறகும் உட்கார இடம் தருவதில்லை: பேரன் தொராமாத்ஸுவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, அன்று உடலைத் திறந்த கிழவரின் பெயரைக் கென்பாக்கு எழுதி வைக்கவில்லை.

திரும்பும் வழியில் கொலைக்களத்தில் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் படத்தோடு ஒப்பிட்டார்கள். அதுவும் பொருந்தியது. மறுநாளே ரியோதாக்குவின் வீட்டில் கூடி மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். ரியோதாக்குவுக்குச் சில நூறு டச்சுச் சொற்கள் தெரியும். கென்பாக்குவுக்கு எழுத்துகளே தெரியாது. அகராதி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மாதத்தில் ஆறேழு நாள் கூடி, ஏறக்குறைய மூன்றரை ஆண்டு உழைத்து, பதினோரு முறை திருத்தி எழுதி, 1774இல் ‘கைதாய் ஷின்ஷோ’ வெளிவந்தது. தலைப்புக்கு ‘உடற்கூற்றுப் புது நூல்’ என்று பொருள். படங்களை அகிதாவைச் சேர்ந்த ஒதானோ நாஒதாக்கே என்ற இளம் ஓவியர் வரைந்தார். மொழிபெயர்ப்பின் முதுகெலும்பாக இருந்த ரியோதாக்கு தன் பெயரை நூலில் போட மறுத்துவிட்டார். மொழிபெயர்ப்பில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது ஒரு விளக்கம். கல்வியைப் புகழுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது இன்னொன்று.

அவர்கள் அந்த நூலை எழுதியது செம்மொழிச் சீனத்தில். படித்தவர்களின் மொழி அதுதான். சீன மருத்துவத்தின் அடித்தளத்தை அசைக்க வந்த நூல், சீன மொழியின் தயவில்தான் மதிப்போடு நடமாட முடிந்தது.

நூலின் உடனடிப் பயன் என்ன? எந்த நோயாளியும் அதனால் பிழைத்ததாகச் சொல்ல முடியாது. கல்லீரல் எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலும், அன்றைய எடோவில் அதை வைத்து எந்தக் காய்ச்சலையும் இறக்க முடியாது. கென்பாக்குவே கடைசிவரை மூலிகை மருந்துகளைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். மாறியது வேறு. நூல் வந்த அடுத்த ஆண்டு கென்பாக்கு ‘பித்துப்பிடித்த வைத்தியன் பேச்சு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு தற்காப்பு நூல் எழுதினார். காட்டுமிராண்டிகளின் மருத்துவத்தை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று கேட்பவருக்கு அதில் பதில் சொல்கிறார். பூமி ஓர் உருண்டை; உருண்டையின் மேற்பரப்பில் எந்த இடத்தையும் நடு என்று சொல்ல முடியாது; சீனம் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் ஒரு நாடு, அவ்வளவுதான் என்கிறார். நுரையீரலின் மடல்களில் தொடங்கிய சந்தேகம் உலக வரைபடத்தில் போய் நின்றது. அரண்மனை வைத்தியர்கள் அஞ்சியிருக்க வேண்டியதும் இதைத்தான்.

இந்த இடத்தில் மதப் பிரசாரகர் யாரும் இல்லை, ஆள வந்தவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர்த்துகீசியர் ஆன்மாவைக் கேட்டார்கள்; அதற்கு விலையாகப் பல்லாயிரம் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். டச்சுக்காரர்கள் கேட்டது செம்பும் கற்பூரமும். ரியோதாக்குவின் வீட்டில் அந்த மூன்றரை ஆண்டும் ஒரு டச்சுக்காரர்கூட அருகில் உட்கார்ந்து சரி, தப்பு என்று சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாத பாடம். அதனால் தவறுகள் மலிந்திருந்தன; அதே காரணத்தால் பணிந்து கற்க வேண்டிய அவமானமும் இல்லை.

பிறகு வந்தவர்கள் சுதந்திரமாகக் கலந்தார்கள். கென்பாக்குவின் சீடர் ஓத்ஸுகி கென்தாக்கு 1795ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தன் எடோ பள்ளியில் ஐரோப்பியப் புத்தாண்டைக் கொண்டாடினார். பெரும்பாலும் ஐரோப்பாவை வாழ்நாளில் பார்க்கவே போகாதவர்கள் கத்தியும் முள்கரண்டியும் வைத்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது. மூலிகைகளைத் தானே தின்று பார்த்து உலகுக்குச் சொன்னவராகச் சீன மரபு போற்றும் ஷென்னொங்கின் படத்தை, குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் மாட்டி வழிபடுவது வைத்தியர்களின் வழக்கம். டச்சுக் கல்விக்காரர்கள் அதே இடத்தில் ஹிப்போகிராட்டஸின் படத்தை மாட்டினார்கள். வழிபாடு அப்படியே இருந்தது.

கீயி பகுதியின் ஹனாஒகா செய்ஷு 1804இல் அறுபது வயதுப் பெண் ஒருவரை முழு மயக்கத்தில் வைத்து மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றினார். மயக்க மருந்தின் முக்கியச் சரக்குகள் ஊமத்தையும் வத்சநாபியும், கிழக்கு மரபிலிருந்து வந்தவை. கத்தி பிடித்த முறை டச்சு அறுவை மருத்துவத்திலிருந்து வந்தது. பாஸ்டனில் ஈதர் மயக்கத்தைப் பலரறியச் செய்துகாட்டியது 1846இல்தான். இரண்டு மரபுகளில் ஒன்று மட்டும் கைவசம் இருந்தவர்கள் 1804க்கு முன் இதைச் செய்ததாக உறுதியான பதிவு இல்லை.

அம்மைத் தடுப்பு மருந்தின் கதையும் இப்படித்தான். 1849இல் பத்தேவியாவிலிருந்து வந்த பசு அம்மைப் பொருக்கு நாகசாகியில் பலித்தது. சில மாதங்களுக்குள் நாடெங்கும் பரவியது. எடோவின் மைய அரசு அதைப் பரப்பவில்லை. டச்சு படித்த மருத்துவர்களின் கடிதத் தொடர்பும் நட்பும்தான் பரப்பின. மாட்டின் சீழை ஏற்றினால் குழந்தைக்குக் கொம்பு முளைக்கும் என்று வதந்தி. மருத்துவர்கள் வாதம் செய்து நேரத்தை வீணாக்கவில்லை. வெள்ளைப் பசுவின் மேல் ஏறி, ஈட்டியால் அம்மைப் பேயை விரட்டும் குழந்தைத் தெய்வத்தின் படத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். மாரியம்மனையும் தடுப்பூசியையும் ஒரே மூச்சில் ஏற்ற ஊர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

எதிர்த் திசையில் நடந்ததும் குறைவல்ல. 1690 முதல் 1692 வரை தெஜிமாவில் மருத்துவராக இருந்த கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர் எழுதிய ஜப்பான் வரலாறு, அவர் இறந்த பிறகு 1727இல் லண்டனில் வெளிவந்தது. ஜப்பான் தன்னை மூடிக்கொண்டது அந்த நாட்டுக்கு நல்லதே என்று அவர் வாதிட்டிருந்தார். 1801இல் நாகசாகியின் மொழிபெயர்ப்பாளர் மரபில் வந்த ஷிசுக்கி தாதாஒ அந்தக் கட்டுரையை டச்சு வழியாக ஜப்பானியத்தில் பெயர்த்தார். ‘மூடிய நாடு’ என்ற கருத்து ஜப்பானுக்குள் வந்தது அதன் வழியாகத்தான். 1630களின் ஆணைகளை எழுதியவர்கள் நாட்டைப் பூட்டுவதாக நினைக்கவில்லை. சீனரோடும் கொரியரோடும் ரியூக்யூத் தீவினரோடும் வடக்கே ஐனு மக்களோடும் போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருந்தது. ஐரோப்பியரின் கண்ணுக்குத்தான் அது பூட்டு. அந்தப் பார்வையைக் கடன் வாங்கிய பிறகு, பூட்டைக் காப்பதே முன்னோர் வகுத்த நெறி என்று ஜப்பானிய அரசு நம்பத் தொடங்கியது.

ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தை ஜப்பானிய அழகுணர்வின் தூய வடிவம் என்று சொல்வார்கள். 1831 வாக்கில் அச்சான அதன் ஆழ்ந்த நீலம், பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம். தூரத்தில் பூஜி மலை சிறுத்துத் தெரிவது டச்சுச் செதுக்கோவியங்களிலிருந்து எடோ ஓவியர்கள் கற்றுக்கொண்ட தொலைவுக் காட்சி முறை. அந்த அச்சோவியங்கள் பாரிசுக்குப் போனபோது வான்கோவும் மற்றவர்களும் அவற்றில் ஐரோப்பாவுக்கு மருந்தாகும் அந்நியத்தைக் கண்டார்கள். தங்கள் பாட்டன் காலத்துச் சரக்கும் அதில் கலந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு உற்சாகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தொடர்பு எல்லோரையும் திறந்த மனத்தினராக்கும் என்று நம்புகிறவர்கள் ஹிராதா அத்ஸுதானேயைப் படிக்க வேண்டும். ஜப்பானே தெய்வங்களின் நாடு என்று வாதிட்ட இந்தச் சிந்தனையாளர் டச்சுக்காரர்களின் பொறுமையான ஆராய்ச்சியைப் புகழ்ந்தார். ஐரோப்பிய வானியலைத் தன் சூரியத் தேவிக்குச் சாதகமாகத் திருப்பினார். கையோடு, டச்சுக்காரர்கள் நாயைப் போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் சிறுநீர் கழிப்பார்கள் என்றும் எழுதினார். சீனத்தை நடுவிலிருந்து அகற்றக் கென்பாக்குவுக்கு உதவிய அதே பூமி உருண்டை, ஜப்பானை நடுவில் வைக்க ஹிராதாவின் கூட்டத்துக்கு உதவியது.

அரசும் அஞ்சியது. தெஜிமாவின் மருத்துவர் சீபோல்ட் நாட்டின் வரைபடங்களை வெளியே கொண்டுபோக முயன்றது 1828இல் வெளிப்பட்டது. அவற்றைக் கொடுத்த அரசு வானியலாளர் தகஹாஷி காகேயாசு சிறையில் இறந்தார். தீர்ப்பு வரும் வரை அவருடைய உடலை உப்பில் போட்டு வைத்து, பிறகு மரண தண்டனை விதித்தார்கள்.

1859இல் புக்குசாவா யுகிச்சி என்ற இளைஞர் புதிதாகத் திறக்கப்பட்ட யோக்கொஹாமா துறைமுகத்தைப் பார்க்கப் போனார். ஒசாக்காவின் ஒகாதா கோஆன் பள்ளியில் உயிரைக் கொடுத்து டச்சு படித்தவர். கடைப் பலகைகள் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை, பேசினால் யாருக்கும் புரியவில்லை. அங்கே எல்லாம் ஆங்கிலம். மனம் உடைந்து திரும்பியவர் உடனே ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். இருநூறு ஆண்டுகளாக மேற்கு என்றால் டச்சு என்று நம்பிய நாட்டுக்கு, டச்சுக்காரர்கள் அந்த மேற்கில் ஒரு சிறு கூட்டம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கென்பாக்கு 1815இல், 83ஆவது வயதில் எழுதிய நினைவுக் குறிப்பின் கைப்பிரதி ஒன்று எடோவின் தெருக்கடையில் கிடைத்தது. 1869இல் அதை அச்சேற்றியவர் இதே புக்குசாவா. படிக்கும்போது அழுதேன் என்று சொன்னவர். 1885இல் அவருடைய நாளிதழில் பெயரில்லாமல் வெளிவந்து, அவர் எழுதியதாகவே பொதுவாகக் கருதப்படும் தலையங்கம், ஜப்பான் ஆசியாவை விட்டு விலக வேண்டும் என்றது. சீனத்தையும் கொரியாவையும் மேற்கு நாடுகள் நடத்துவது போலவே நடத்த வேண்டும் என்றது. உருண்டையில் நடு என்று ஓர் இடம் இல்லை என்ற கென்பாக்குவின் வாதத்துக்கு அப்போது நூற்றுப்பத்து வயது. அந்த நடுவில் இப்போது ஐரோப்பா இருந்தது. பத்தே ஆண்டில் ஜப்பான் சீனத்தைப் போரில் வென்று தைவானை எடுத்துக்கொண்டது.

மருத்துவத்தில் கணக்கு இன்னும் கறாராகத் தீர்க்கப்பட்டது. ஷோகுன் ஆட்சியை அகற்றி வந்த புதிய மெய்ஜி அரசு ஜெர்மன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1871இல் ஜெர்மன் ராணுவ மருத்துவர்கள் ஆசிரியர்களாக வந்து இறங்கினார்கள். குல்முஸும் ஜெர்மன் மொழியில் எழுதியவர்தான் என்பதால் இது சுற்றுவழியை விட்டு நேர்வழிக்கு வந்த கதை எனலாம். ‘எத்தா’ என்ற சட்டப் பிரிவை அரசு ஒழித்ததும் அதே 1871இல், கிழவர் அந்த உடலைத் திறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து. ஆணையை எதிர்த்து மேற்கு ஜப்பானின் ஊர்களில் கலவரம் நடந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். மாநில வேறுபாடின்றித் தங்களை அமைப்பாகத் திரட்டிக்கொள்ள அந்த மக்களுக்கு 1922 வரை ஆனது.

மருத்துவராக உரிமம் பெற மேற்கத்திய மருத்துவத் தேர்வு கட்டாயம் என்று 1883இல் விதி வந்தது. பழைய வைத்தியர்கள் பன்னிரண்டு ஆண்டு போராடினார்கள். 1895இல் அவர்களுடைய மசோதாவை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. ‘கன்போ’ என்ற அந்த மருத்துவம் சட்டப்படி மருத்துவமாக இல்லாமல் போயிற்று. 1976இல் அரசுக் காப்பீடு கன்போ மருந்துகளைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. இன்று 148 தயாரிப்புகள் பட்டியலில் இருக்கின்றன. சித்த மருத்துவத்துக்கு இந்தியாவில் இருப்பதுபோல் அதற்குத் தனிப் பட்டமோ தனி உரிமமோ அங்கே இல்லை. குல்முஸ் வழி உடற்கூற்றியலில் தேறிய மருத்துவர்தான், சிறு பொட்டலங்களில் துகளாக அடைக்கப்பட்ட பழைய மூலிகைக் கலவையை நோயாளிக்கு எழுதித் தருகிறார். எழுதும்போது சில வேளை நாக்கையும் நாடியையும் பழைய முறைப்படி பார்க்கிறார். எந்த உடலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்லக்கூடும்.